கறுப்புக் கரை போட்ட கடை விளம்பரம்

வெளிநாட்டில், நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். எந்த ஊரிலும் கால் தரிக்காத காலம் அது. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த மாதமும் ஆட்கள் வராவிட்டால் கடையை மூடிவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போவதென்று அவரும் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். கடைசி முயற்சியாக, இங்குள்ள இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்.

"தம்பி, நீர் கம்ப்யூட்டர்காரன். நான் சொல்லுறன், அடியும்."

அடித்தேன். 'கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் நோபல் பார்க்கை வசிப்பிடமாகவும் கொண்ட உங்கள் கடைக்காரர் அன்போடு அழைக்கிறார்.' தமிழ்நாட்டுக்காரனான எனக்கு அது கவிதையாகப் பட்டது. ஒரே மூச்சில் ஒரு கடலையே தாண்டுகிற வரி. எடுப்பாக இருக்கட்டுமென்று அவருடைய பாஸ்போர்ட் படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் கறுப்புக் கரை போட்டேன்.

பத்திரிகை வந்த காலையில் கடைக்காரரின் மனைவி அதைக் கல்லாவில் விரித்து அவரைக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ, உங்கட செத்தவீட்டு நோட்டீஸ் எல்லே வந்திருக்கு."

அவர்கள் ஊரில் மரண அறிவித்தல் அப்படித்தான் தொடங்குமாம். அதையே நாள்தோறும் வாசித்த கடைக்காரருக்கு, ஒரு மனிதனை அறிமுகப்படுத்த வேறு தமிழ் வரவில்லை.

மதியத்துக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள், துக்கம் விசாரிக்க. செத்தவீட்டில் அடுப்பு எரியாதே என்று சோறும் கறியும் சமைத்து எடுத்துக்கொண்டு. வெரிபீ என்ற தூரத்துப் புறநகரிலிருந்து ரயில் மாறி மாறி வந்த ஒரு அம்மா, அவர்கள் வழக்கில் 'அன்ரி', கல்லாவில் நின்றவரைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கிட்டப் போய், தோளில் ஓங்கி ஒரு அடி.

"இஞ்ச கடை வைச்சிருக்கிறாய் எண்டு செத்தாப்பிறகுதானோ சொல்லுவாய்?"

"நான் சாகேல்லை அக்கா."

"அது தெரியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வெண்டிக்காய் இருக்கோ?"

அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எல்லோரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். பருப்பு ஆறியிருந்தது, அமிர்தமாகவும் இருந்தது. வந்தவர்கள் ஒருவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள், அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்க்கிற சாக்கில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

மாதம் முடிந்தது. கடை திறந்தே இருந்தது. அடுத்த இதழுக்கு வேறு மாதிரி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். மல்லித்தூள் நிறுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"வேண்டாம் தம்பி, அப்பிடியே போடும். சிரிக்கிற படமாப் போட்டாப் போதும்."

சிரிக்கிற படம் ஒன்றுகூடக் கடைக்காரரிடம் இருக்கவில்லை. என் கைபேசியில் எடுத்தேன், வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், அன்று அன்ரி அடித்த தோளைத் தடவிச் சிரித்தபடி அவர் நின்றபோது.