இரண்டாயிரம் குஞ்சுகளும் ஒரு திருகும்

2011 அக்டோபர் 19, புதன்கிழமை. ஜாம்பியாவில், கபிரி ம்போஷியிலிருந்து செரெஞ்சே போகும் சாலையில் பகல் 1.40 மணிக்கு என் லாரி நின்றது.

இதைச் சொன்னால், வெயில் மண்டையைத் தாக்கிவிட்டது என்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் இந்தச் சாலையில் ஓட்டியவன் நான். அக்டோபர் வெயில் எனக்குப் புதிதில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

லாரியில் இரண்டாயிரம் கோழிக்குஞ்சுகள். பொரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளுக்குள் ஓயாமல் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே வந்தன. அவற்றின் சொந்தக்காரர் நமுகோலோ என்ற பெண்மணி என் பக்கத்து இருக்கையில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலையை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை போட்டவர். முதல் தடவை வாங்கிய குஞ்சுகள் வழியிலேயே வெயிலில் செத்துப்போயின. இவையும் போனால் பண்ணையை மூடிவிட்டு அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். லாரி ஓடினால் பெட்டிகளுக்குள் காற்று போகும். நின்றால் குஞ்சுகள் வெந்துவிடும்.

ஏற்றத்தில் இழுவை குறைந்தது. இஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு அடங்கிவிட்டது.

"என் குஞ்சுங்களை விட உங்க லாரிதான் அதிகமா மூச்சு வாங்குது, அண்ணே."

"நேத்து ட்ரம்ல வாங்கின டீசல் மேடம். ஃபில்டர் அடைச்சிருக்கு. புதுசு இருக்கு, மாத்திடறேன்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"உங்களுக்கு அரை மணி. அதுங்களுக்கு ஆயுசு."

லாரி நின்றுவிட்டால் எங்கள் பக்கத்தில் முதல் வேலை, மரக்கிளைகளை ஒடித்துச் சாலையில் போடுவது. பின்னால் வருகிறவன் அதைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைப்பான். வளைவு இருந்தால் வளைவுக்கும் அப்பால் போட வேண்டும். அன்று எனக்கு அவசரம். லாரிக்குப் பதினைந்து தப்படி பின்னால், வளைவுக்கு இந்தப் பக்கமே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

பழைய ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே கறுப்புச் சேறு. கேனில் வைத்திருந்த நல்ல டீசலைப் புதியதில் நிரப்பி, ரப்பர் வளையத்திலும் கொஞ்சம் தடவி, கையாலேயே முறுக்கினேன். மணி 2.10. இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அந்தப் பழைய லாரியில் அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கைப்பம்பை அடிப்பார். இன்னொருவர் வெளியே நின்று, ஃபில்டரின் தலையில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பார்ப்பார்.

ஸ்பேனரை ஃபில்டர் பக்கத்தில் வைத்தேன்.

"மேடம்! கொஞ்சம் இங்க வாங்க!"

"தண்ணி தெளிச்சிட்டு வரேன்!" பின்னால், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து நமுகோலோவின் குரல்.

அடியில் போய்ப் படுத்தேன். மணி 2.14.

இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெறுங்கால். ஆண்பிள்ளைக் கால். அங்கே காட்டுக்குள் கரி சுடுகிறவர்கள் உண்டு. அவர்களில் எவனோ உதவிக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"அடிங்கண்ணே," என்றான்.

வேலை தெரிந்தவன் குரல். அடித்தேன். ச்சக்... ச்சக்... ச்சக்...

"காத்து வருது. இன்னும் கொஞ்சம்."

"திருகை நல்லாத் தளர்த்திட்டியா தம்பி?"

"இன்னும் கொஞ்சம்."

தார் இளகிக் கிடந்தது. சாக்கு விரித்துப் படுத்திருந்த என் முதுகே எரிந்தது. அந்தப் பாதங்கள் அசையவே இல்லை.

மேலிருந்து ஒரு சொட்டு டீசல் வலது பாதத்தின் மேல் விழுந்தது.

பாதம் நனையவில்லை. அதற்குக் கீழே தார் நனைந்தது.

ச்சக்... ச்சக்...

அப்போதுதான் உறைத்தது.

குஞ்சுகள் கத்தவில்லை.

ஒன்றுகூட...

"போதும்," என்றது குரல். "கிளை ரொம்பப் பக்கத்துல கிடக்கு. தள்ளிப் போடறேன்."

பாதங்கள் நகர்ந்தன. சத்தமில்லை.

மணி 2.26.

வெளியே வந்தேன். யாரும் இல்லை. ஸ்பேனர் வைத்த இடத்திலேயே இருந்தது.

கிளைகள் இல்லை.

தேடினேன். தூரத்தில், வளைவின் முனையில் கிடந்தன.

அதே நேரம் வளைவில் ஒரு சிமெண்ட் லாரி. கிரீச்... கிளைகளைக் கண்டு ஒதுங்கியது. என்னை உரசுவதுபோல் கடந்து போனது.

பிறகு ஒரு கீச். அடுத்த நொடி இரண்டாயிரமும் சேர்ந்து.

"மேடம்... கிளையை நீங்களா நகர்த்தினீங்க?"

"நான் இறங்கவே இல்லையே. ஆமா, நீங்க யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க?"

வண்டியில் ஏறினேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

செரெஞ்சேயில் நமுகோலோவின் பண்ணைக்கு 4.50க்குப் போனோம். குஞ்சுகளை இறக்கிவிட்டு, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் கத்தொங்கோவின் பட்டறைக்கு லாரியை விட்டேன். திருகில் ஸ்பேனரை வைத்து அழுத்தினார். திரும்பவில்லை. உடம்பைச் சாய்த்து அழுத்தினார்.

"இதைத் தளர்த்தித்தான் காத்து எடுத்தியா?"

"ஆமா."

"யார்கிட்ட விடற கதை? துருவேறி ஒட்டிப்போயிருக்கு. பல வருஷமா இதுல ஒரு கையும் படல."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏற்றத்துல, பாலம் தாண்டி வர்ற வளைவா?"

"ஆமா."

அவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். கத்தொங்கோ முன்பு லாரி ஓட்டியவர் என்று எனக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று தெரியாது. 2006 ஜூலையில் அதே வளைவில் அவர் அடியில் படுத்துப் பம்பை அடித்துக்கொண்டிருந்தாராம். கிளீனர் புப்பே வெளியே நின்று திருகைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைவில் வேகமாக வந்த ஒரு லாரி அவனை அடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"இன்னிக்கு வந்தவன் கால்ல என்ன போட்டிருந்தான்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. வெறுங்கால்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"செருப்பு ரெண்டும் எனக்குப் பக்கத்துல வந்து விழுந்துச்சு," என்றார். "இன்னும் வீட்டுல வெச்சிருக்கேன்."

குஞ்சுகளில் முப்பத்தொன்று செத்துப்போயின. மற்றவற்றை நமுகோலோ வளர்த்து டிசம்பரில் விற்றார்.