புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள்

அக்கா இறந்தபோது அவளுக்கு இருந்த வயதை நான் தாண்டிய வருடம், எனக்குக் கண்ணாடி பார்க்கவே பயமாகிவிட்டது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கிறது. காலையில் படகில் ஏரியைக் கடந்து ஊருக்குள் வந்து, பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போவேன். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அக்கா உயிரோடு இருந்தவரை மீன்கூடையுடன் அதே படகில் வருவாள். நான் போகாத ஒரு நாள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் திடீரென்று காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது. மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். அக்கா மறுநாள் கரை ஒதுங்கினாள். "மூஞ்சிய பாக்காதடி, மீனு கடிச்சிகீது" என்று பெண்கள் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். துணி போர்த்தியபடியே எடுத்துப் போய்விட்டார்கள்.

அன்று பார்க்காத முகம் பல வருடம் கழித்து என் முகத்திலேயே வந்து நின்றது. அக்காவுக்கு இரண்டு புருவங்களுக்கும் நடுவே செங்குத்தாக இரண்டு கோடு விழும். எனக்கும் அவை விழுந்தன. முதலில் முகத்தைச் சுருக்கினால் மட்டும். பிறகு சும்மா இருக்கும்போதும். கடையில் துணி போட்டுப் பார்க்கும் அறையின் கண்ணாடியில், பஸ் ஜன்னலில், எங்கும் அவள். பின்னால் நிற்கிறாளோ என்று சில தடவை திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறது என்று சொல்லவும் முடியவில்லை. அன்று படகை ஓட்டியவர் எங்கள் குப்பத்து ஆள்தான். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அந்த நாளுக்குப் பிறகு அவர் படகைத் தொடவில்லை. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் உட்கார்ந்து கூலிக்கு வலை பின்னுவார். நான் பஸ்ஸுக்குப் போகும் வழி அது. என் முகத்தில் அந்தக் கோடுகள் நிலைத்த பிறகு, நான் வருவதைப் பார்த்தாலே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நான் தாண்டிப் போகும்வரை கை வலையில் அசையாது.

ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பொன்னேரியிலேயே ஒரு தோல் டாக்டரிடம் போனேன். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். விளக்கை என் முகத்துக்கு நேரே திருப்பிப் பார்த்தார்.

"ராத்திரி போடுற க்ரீம் இருக்கும்மா. மெதுவாத்தான் கேக்கும். லேசர் இருக்கு, மேல்தோலை உரிச்செடுக்கிற பீலிங் இருக்கு. அதெல்லாம் மெல்லிசான கோட்டுக்கு. கன்னத்துல பள்ளமா விழுந்திருந்தா ஃபில்லர் வெச்சு நிரப்பலாம். ஆனா உங்களோடது புருவத்தைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடு. அந்தத் தசையைக் கொஞ்ச நாளைக்குத் தூங்க வெக்கணும். போடாக்ஸ் ஊசிதான் சரி."

"அப்புறம் வரவே வராதா?"

"வரும். மூணு நாலு மாசத்துல திரும்ப வந்துடும். மறுபடி போட்டுக்கலாம்."

சின்னச் சின்ன ஊசிகள். எறும்பு கடித்தாற்போல் இருந்தது. தேய்க்காதீர்கள், உடனே படுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரமே நெற்றி மழமழவென்று ஆகிவிட்டது. கண்ணாடியில் அக்கா இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் சுவரோரம் நடந்தபோது மாமா திரும்பிக்கொள்ளவில்லை. என்னையே பார்த்தார்.

"உக்காரும்மா," என்றார். "இன்னான்னு தெரில, இன்னிக்கி உன் மூஞ்சிய பாக்க முடியுது. இப்பவே சொல்லிடுறேன்."

உட்கார்ந்தேன்.

"படகு கவுந்தப்போ என் கைக்கு எட்டுற தூரத்துல ரெண்டு பேரு. இந்தப் பக்கம் ஒரு பொம்பள, அந்தப் பக்கம் உங்க அக்கா. அந்தப் பொம்பள கத்திச்சு. கத்துனவள புட்ச்சேன். உங்க அக்கா கத்தலம்மா. புருவத்த நெறிச்சிகினு என்னையே பாத்துகினு இருந்துச்சு. அந்தப் பொம்பளய படகு மேல ஏத்திட்டுத் திரும்புறேன், ஆளக் காணோம்."

எனக்குள் ஏதோ பொங்கி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் நெற்றி அசையவில்லை. முகத்தின் மேல்பாதி வேறு யாருடையதோ போல அமைதியாகக் கிடந்தது.

"கோவம் இல்லியாம்மா?" என்று அந்த நெற்றியைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல மாமா," என்றேன். உண்மைதானா என்று எனக்கே தெரியாது. அவர் மூச்சை விட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் "பஸ்ஸு வந்துகினு கீது, சீக்கிரம் போ" என்று குரல் கொடுப்பார்.

மழைக்காலம் முடிந்தபோது கோடுகள் மறுபடி தெரிய ஆரம்பித்தன. க்ளினிக்கிலிருந்து போன் வந்தது, எப்போது வருகிறீர்கள் என்று. போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் நெற்றியில் அவர் பார்த்தது மருந்தின் அமைதி. அதை மன்னிப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். காலமெல்லாம் ஊசி போட்டு அதைக் காப்பாற்றுவதா? போனில் அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் அவர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்தது. மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் தாண்டிப் போகாமல் அவர் எதிரே போய் மணலில் உட்கார்ந்தேன்.

"மாமா, இங்க பாருங்க. இது கோவம் இல்ல. இது எங்க நைனா மூஞ்சி. எங்க அக்காவுக்கும் இப்டித்தான். சிரிச்சிகினு இருந்தாக்கூட கோவமா இருக்கிற மாதிரி தெரியும்."

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ அன்னிக்கி தண்ணியில உங்க அக்கா பாத்தது?"

ஏரிப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "வெய்யிலா இருந்துச்சா மாமா?"

"ஆமா. காத்துதான். மானம் தெளிவா இருந்துச்சு. கண்ணு கூசுற வெய்யிலு."

"அதுவா இருக்கலாம்," என்றேன்.

"இருக்கலாம்," என்றார் அவரும்.

நான் இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. க்ரீம் மட்டும் தடவுகிறேன், தடவ மறந்தும் போகிறேன். மாமா இப்போது திரும்பிக்கொள்வதில்லை. ஆனால் பஸ் வருகிறது என்று குரல் கொடுப்பதும் நின்றுவிட்டது. நான் வரும்போது வலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் போய் மறையும்வரை என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.