சித்தி பால் வார்த்த விலாங்கு

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவின் நெல் ஆலையொன்றில் சித்தப்பாவுக்கு வேலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு மழைக்காலத்தில் என்னை அங்கே விட்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால், வயல்நீர் தேங்கிய கரையில் ஒரு வளை. அதன் வாயில் சோப்பு நுரைபோல் வெண்ணுரை மிதக்கும். அவ்வப்போது வழவழப்பான ஒரு தலை நுரையைத் தள்ளி எழுந்து, காற்றை விழுங்கிவிட்டுத் தாழும். ஆலைக் குடியிருப்பின் தமிழ்ப் பெண்கள் அதை நாகம் என்று முடிவுகட்டி மஞ்சள் தூவினார்கள். பிள்ளையில்லாத சித்தி வெள்ளிக்கிழமை தவறாமல் பால் வார்த்தாள். அன்றைக்கெல்லாம் எங்களுக்குக் கறுப்புக் காப்பிதான். சித்தப்பா அதையே குடித்துவிட்டு ஆலைக்குக் கிளம்புவார்.

குடியிருப்புப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் பழகிய பக்கத்து வீட்டு பர்மியப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாம்பா? சேத்து விலாங்குடா! நாங்க வறுத்துத் தின்போம்."

பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. மண்புழு கோத்த தூண்டிலை வளைக்குள் விட்டு இருவருமாக இழுத்தோம். முழ நீளத்துக்கு மேலிருந்தது. செதில் இல்லை, துடுப்பு இல்லை. கண்கள் கடுகளவு. செவுளுக்குத் தொண்டையின் கீழே ஒரே ஒரு கீற்று. நுரையையும் கையால் அளைந்தேன். உள்ளே பொன்னிற முட்டைகள். சிலவற்றில் ஏதோ துடித்தது.

"சித்தி, வந்து பாருங்க! உங்க நாகம் வெறும் மீனு!"

பெண்கள் கூடிவிட்டார்கள். "பால் குடிச்சுக் கொழுத்திருக்கு, குழம்பு வச்சிரலாமா அக்கா?" என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு.

சித்தி மீனைப் பார்க்கவில்லை. கலைந்த நுரையருகே குந்தி, "இதையெல்லாம் இனிமே யாருடா பாத்துக்குவா? அதத் திருப்பி விட்டுரு கண்ணு" என்றாள். அதற்குள் பையன் அதன் தலையில் கட்டையால் அடித்திருந்தான்.

முட்டைகளைச் சட்டியில் அள்ளிவந்து சித்தி தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தாள். அவை வெளுத்துப் பூசணம் பூத்தபோது அழுதாள்.

பின்னாளில் விலங்கியல் படித்தபோது தெரிந்தது: நுரைக்கூடு கட்டிக் காவல் இருப்பது ஆண். பெண்ணாகப் பிறந்து முட்டையிட்டு, பிறகு ஆணாக மாறிக் காவல் காப்பவையும் உண்டு. குஞ்சுகளுக்கு ஆபத்தென்றால் வாய்க்குள் வைத்துக்கொள்ளுமாம். அதைத்தான் நான் இழுத்துப்போட்டேன்.

அன்று எனக்குப் பட்டதெல்லாம், ஊர் முன்னால் ஏமாளியானதால்தான் சித்தி அழுகிறாள் என்பதே. சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தவளிடம், "எல்லாரும் சிரிச்சதுக்கு மன்னிச்சிருங்க சித்தி" என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டாள்.