ஆற்றைத் தாண்டிய மின்னி, வாளிக்குப் பயந்த மின்னி

1. வியாழக்கிழமை மெயில்

"ஸ்டெல்லாவுக்கு இன்னும் தெரியாது. நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு ரவி அண்ணன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். சேனல்காரர்கள் அனுப்பிய மெயில். மின்னியின் குரல் சீராக இல்லை, ஒரு எபிசோடில் துணிச்சல், இன்னொன்றில் அழுகை, குரல் கொடுப்பவரை மாற்றிவிடுங்கள் என்று இருந்தது.

மின்னி ஒரு கீரிப்பிள்ளை. எப்போதோ வந்து நின்றுபோன குழந்தைகள் கார்ட்டூனை மறுபடி புதிதாக எடுத்திருந்தார்கள். அதற்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. எங்கள் டப்பிங் ரூம் காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. ரவி அண்ணன்தான் ஓனர், சவுண்ட் இன்ஜினியரும் அவரே. சுவரில் எவ்வளவு ஃபோம் ஒட்டினாலும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். தறிக்காரர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் முக்கியமான டேக் எடுப்போம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பொம்மைங்க பேசறத எழுதிக் குடுக்கறான்" என்பாள் அம்மா. இதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

மின்னிக்குக் குரல் கொடுக்கும் ஸ்டெல்லா அக்கா செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸில் இருந்தவர். மின்னி கிடைத்ததும் கடையை விட்டுவிட்டார். "அங்க வேற பொண்ண போட்டுட்டாங்கபா. இனிமே எனக்கு இதான்" என்று வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். மெயிலைப் படித்தபோது அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

2. கதையை வரிசையாகப் பார்த்தது

டப்பிங்கில் கதையை வரிசையாக எடுக்க மாட்டோம். ஒரு ஆர்ட்டிஸ்ட் வந்தால் பல எபிசோடுகளில் அவருக்குள்ள வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டுப் போவார். சேனலிலிருந்து எபிசோடுகளும் எடுத்து முடித்தபடி முன்னும் பின்னுமாகத்தான் வரும். அன்றைக்கு மின்னியை முதலிலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

ஐந்தாவது எபிசோடில் மின்னி ஒரு முயலை முதுகில் சுமந்து ஆற்றைத் தாண்டுகிறாள். இனிமேல் தண்ணீர் என்றால் பயமே இல்லை என்கிறாள். எட்டாவதில் ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்து மயங்கி விழுகிறாள். நடுவில் எதுவும் நடக்கவில்லை. பழைய தொடரில் அவள் பயப்படுவதுதான் சிரிப்பு. புதிதாக எழுதியவர்களில் ஒருவர் அவளை வளர்த்துவிட நினைத்திருக்கிறார், இன்னொருவருக்குப் பழைய சிரிப்பே போதும் போலிருக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த மாதிரி தெரியவில்லை. படத்தில் இருந்ததைத்தான் அக்கா பேசியிருந்தார்.

சேனலின் கோஆர்டினேட்டர் மேடத்துக்கு போன் போட்டேன்.

"கதையே அப்படித்தான் இருக்குது மேடம்."

"இருக்கட்டும்பா. படம் ஃபைனல் ஆயிடுச்சு, அத யாரும் தொட முடியாது. வாய்ஸ் ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. வேற ஆளோட சாம்பிள் அனுப்புங்க."

"எட்டாவது எபிசோட மட்டும் ஒருவாட்டி திருத்தித் தரோம் மேடம். பாத்துட்டு சொல்லுங்க."

"திங்கட்கிழமைக்குள்ள" என்று வைத்துவிட்டார்.

3. முதுகு ஷாட்

படத்தில் வாய் தெரிந்தால் உதட்டசைவுக்குள் அடங்குகிற பேச்சைத்தான் வைக்க முடியும். முதுகைக் காட்டி நடந்தாலோ, தூரத்தில் நின்றாலோ நாம் வசனம் சேர்த்துக்கொள்ளலாம். டப்பிங்கில் எல்லோரும் செய்வதுதான். அவசரத்துக்கு ஒரு இருமலோ "ம்" கொட்டுவதோ வைத்து நிரப்புவார்கள்.

எட்டாவது எபிசோடை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். வாளியிடம் வருவதற்கு முன் மின்னி படியேறுகிறாள், நமக்கு முதுகு. அங்கே எழுதினேன்: "அன்னைக்கு ஆத்தைத் தாண்டிட்டேன். ஆனா கண்ண மூடினா இன்னும் அந்தத் தண்ணிதான் வருது."

ரவி அண்ணன் படித்தார். "படிச்ச புள்ளன்னு எழுத வெச்சா, நீ டைரக்டர் வேலையும் சேத்துப் பாக்கற."

"வேணாமாண்ணா?"

"வேணான்னு யார் சொன்னா? ஸ்டெல்லாவ கூப்டு."

அக்காவிடம் மெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. திருத்தம் என்று மட்டும் சொன்னோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேப்பரை ஒருமுறை படித்தார்.

"நானும் இப்படித்தாம்பா. மொத நாள் மைக்கு முன்னாடி தகிரியமா பேசிட்டேன். மறுநாள் பஸ்ஸுல வந்துக்கினு இருக்கும்போதே பயம் வந்துடுச்சு. எறங்கிப் போயிடலாமான்னு இருந்துச்சு."

"அப்படியே பேசுங்கக்கா."

தறி நின்றதும் எடுத்தோம். முதல் டேக்கே ஓகே.

4. திங்கட்கிழமை

மேடம் பேசினார். "இப்ப வாய்ஸ் கரெக்டா இருக்குது. அதே ஆர்ட்டிஸ்ட் இருக்கட்டும். என்ன பண்ணீங்க?"

ரவி அண்ணன் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் ப்ராக்டிஸ் குடுத்தோம் மேடம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அக்காவின் குரலில் குறை இருந்ததாகவே அவர்கள் கணக்கில் நின்றுவிட்டது. ஆனால் மின்னி கையைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வாரமே புதிய எபிசோடுகள் வந்தன. ஒன்றில் மின்னிக்கு ஆறு என்றால் என்னவென்றே தெரியவில்லை. முதலிலிருந்து கடைசிவரை முகத்தைக் காட்டியே பேசுகிறாள், வசனம் சேர்க்க இடமே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதுவதற்கு முன் எல்லா எபிசோடையும் வரிசையாகப் பாருங்கள். கதை எங்கே முறிகிறது என்று அன்றைக்கே மெயிலில் போட்டுவிடுங்கள். எங்கோ உட்கார்ந்து எழுதியவரை யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை. பழி மைக்கின் முன் நிற்பவர் மேல்தான் விழும். இப்போது நான் போட்டுவிடுகிறேன். இதுவரை ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அந்தப் புதிய எபிசோடைப் பேச வந்த அன்றைக்கு அக்கா மைக் பூத்துக்குள் போய் நின்று கேட்டார். "இன்னைக்கு இவ எந்த மின்னிபா?"

"ஒண்ணும் தெரியாத மின்னிக்கா."

"சரி, போடு."