ஒன்றுமே போடாத குழி

லவான் க்ராயிசெக்கின் வாயில் ஒரு சேதி தங்காது. யாருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை, யார் வீட்டுப் பெண் டென்வரிலிருந்து கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் சாட்ரன் ஊருக்குள் அவள் வழியாகத்தான் நடமாடும். அப்படிப்பட்டவளை மாட்டு நோய் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. பண்ணைக்காரர்களின் மானம் மரியாதையெல்லாம் அங்கே சின்னச் சின்னக் குழாய்களில் அடைபட்டுக் கிடக்கும். இருந்தும் தலை நரைக்கும்வரை அவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

காரணம் அவளுடைய கைராசி. கன்றின் மூக்குத் திசுவிலிருந்து எடுத்த உயிரணுக்களை அவளைப் போல் வளர்க்க அங்கே ஆளில்லை. பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றில் உயிரணுக்களைப் பரப்பி, பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊட்டி, "என்ன கண்ணுங்களா, பசி அடங்குச்சா?" என்று கேட்டுக்கொண்டே மூடி வைப்பாள். பண்ணையிலிருந்து வந்த சாம்பிளை அவற்றின் மேல் விடுவார்கள். வைரஸ் இருந்தால் பெருகும். பிறகு சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சையாக மின்னும். மின்னிய வைரசின் மரபெழுத்தை, அதாவது மரபணு வரிசையைப் படித்தால் அது எந்த வகை, எந்த மந்தையின் வைரசுக்கு உறவு என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

அந்த வசந்தத்தில் அவள் வீட்டுப் பசுக்களே கன்றைக் கலைத்துப் போட்டன. மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸ் என்பதில் அவள் கணவன் வெர்லினுக்குச் சந்தேகமே இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, சினையைக் கலைப்பதுதான் அதற்குப் பிடித்த வேலை. அது எங்கிருந்து வந்தது என்பதிலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மர் ரைன்கேயின் பசு ஒன்றும் கலைத்திருந்தது.

"வேலிக் கம்பி வழியா ரெண்டு மந்தையும் மூக்கோட மூக்கு உரசிட்டு நிக்குது. வேற எங்கேருந்து வரும்?" என்றான் வெர்லின்.

"சாம்பிள் போயிருக்கில்ல. பொறுமையா இரு."

பொறுமை போதித்தவளுக்குத்தான் அது இல்லை. தன் வீட்டு விடை தெரியவேண்டிய அவசரத்தில் புது சீரப் புட்டியைத் திறந்தாள். சீரம் சுத்தமா என்று தெரிவதற்காக எப்போதும் சில குழிகளில் சாம்பிள் எதுவும் போடாமல் விட்டு, அவற்றுக்கும் சாயம் விட்டுப் பார்ப்பது வழக்கம். இந்த முறை அந்த வெற்றுக் குழிகளைக் கண்ணால் மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். உயிரணுக்கள் கொழுகொழுவென்று இருந்தன. சரி, சுத்தம் என்று நகர்ந்துவிட்டாள். வெர்லினின் குழி மின்னியது. டெல்மரின் குழியும் மின்னியது. மரபெழுத்து வந்தபோது இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஹோல்ம்க்விஸ்ட் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் அன்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லவான் வாயிலிருந்து சேதி விழுந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்று வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "சூடு போடற அன்னிக்கு அவனைக் கூப்பிடப் போறதில்ல."

கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட அந்தப் பக்கத்தில் யாரும் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. அக்கம்பக்கம் வந்து செய்துகொடுக்கும், மறு வாரம் நாம் போய்ச் செய்துகொடுப்போம். ஒருவனைக் கூப்பிடாமல் விட்டால் அவன் முகத்தில் துப்பியதற்குச் சமம். அதிலும் டெல்மர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெர்லினின் கன்றுகளைப் பிடிக்கக் கயிறு வீசுகிறவன். வியாழக்கிழமைச் சீட்டாட்டத்தில் வெர்லினுக்கு ஜோடியும் அவன்தான்.

வெர்லின் போன் செய்து சொல்லியே விட்டான். டெல்மர் "அப்படியா" என்றானாம், வைத்துவிட்டானாம். அந்த வியாழக்கிழமை அவன் சீட்டாட வரவில்லை.

அடுத்த வாரம் மாநிலத்தின் மறுகோடியில், ஐயோவா எல்லையோரத்துப் பண்ணை ஒன்றிலிருந்து சாம்பிள் வந்தது. அதுவும் எழுத்துக்கு எழுத்து அதே வைரஸ்.

"டெல்மரோட மாடு ரொம்ப தூரம் நடந்திருக்கு," என்று லவான் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. எழுந்து போய், முந்தைய சுற்றின் தட்டை எடுத்து, சாம்பிள் போடாமல் விட்ட குழிகளுக்குச் சாயம் விட்டுப் பார்த்தாள். ஒன்றுமே போடாத குழி பச்சைப் பசேலென்று மின்னியது.

டாக்டர் ஹோல்ம்க்விஸ்ட் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்க நேரம் எடுத்துக்கொண்டார். "சீரப் புட்டியிலேயே வந்திருக்கு. கன்னுக்குட்டி ரத்தத்தை ஊத்தி வளர்த்து, கன்னுக்குட்டி வைரசைத் தேடறோம். நம்ம தொழில்ல மட்டும்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும்."

"உயிரணு ஒண்ணும் சாகலையே டாக்டர். நல்லாத்தானே இருந்துச்சு."

"இது கொல்லாத ரகம். உள்ளே உட்கார்ந்து வாடகை இல்லாம குடியிருக்கும். அதுக்குத்தானேம்மா சாயம்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "வீட்டுல சொல்லிட்டியா?"

"வெர்லின்கிட்ட மட்டும்."

"அப்போ ஊருக்கே சொல்லியாச்சு."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, டெல்மர் சொன்ன அந்த "அப்படியா" காதுக்குள் குடைந்துகொண்டிருந்தது.

இந்த முறை உயிரணு, சீரம் எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. இரண்டு பண்ணையிலிருந்தும் மாடுகளின் காதில் கத்தரித்த சின்னத் துண்டுகளும் ரத்தமும் வந்தன. அவற்றிலிருந்தே நேராக மரபெழுத்தைப் படித்தார்கள். டெல்மரின் மந்தையில் வைரஸே இல்லை. பனியில் தீனி எட்டாத பசு பைன் ஊசியிலையைத் தின்று கன்றைக் கலைத்திருக்கிறது, அவ்வளவுதான். வெர்லினின் மந்தையில் இருந்தது. சந்தையில் சல்லிசாகப் பிடித்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டானே ஒரு சினைக் கிடாரி, அது ஈன்ற வெள்ளை முகக் கன்றில் இருந்தது. தாய் வயிற்றிலேயே வைரஸ் தொற்றிக்கொண்ட கன்று. அதன் உடம்புக்கு வைரஸ் அந்நியம் என்றே தெரியாது. துள்ளி விளையாடிக்கொண்டே, ஆயுசு முழுக்க மூக்கு வழியாக மற்ற மாடுகளுக்கு வாரி வழங்கும்.

டாக்டர் கையெழுத்துப் போட்டு மை காயும்வரை லவான் அவர் மேசைக்கு எதிரிலேயே நின்றாள். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேராக டெல்மரின் பண்ணைக்கு வண்டியை விட்டாள்.

அவன் வேலியோரம் நின்று கம்பம் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். பழைய வேலியிலிருந்து சில அடி உள்ளே, தன் நிலத்தில், புதிதாக இன்னொரு வேலி.

"என்ன பண்றே, டெல்மர்?"

"என் மாடு அவன் மாட்டை முகரக் கூடாதுல்ல." அவன் நிமிரவில்லை. "பேசினா சண்டை வரும். வேலி போட்டா வராது."

லவானுக்குக் கண் கலங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்: புட்டி, சாயம், பைன் இலை, வெள்ளை முகக் கன்று. தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். டெல்மர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"அப்ப தோண்டினது வீண் இல்ல," என்றான் கடைசியில். "இப்ப அவன் மாடு என் மாட்டை முகராது."

"கோபம் இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் இவ்வளவு ஆழமாத் தோண்டியிருக்கேன்." மண்ணைத் தட்டினான். "வெர்லினுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. உன்கிட்டதான் முதல்ல."

"உன் வாழ்க்கையிலேயே இன்னிக்குத்தான் ஒரு சேதி வீட்டுக்கு லேட்டாப் போகுது."

வெர்லின் கொட்டகையில் இருந்தான். கன்று விஷயத்தைக் கேட்டு, "அந்தக் கன்னா?" என்றான்.

"அதேதான். வச்சிருக்க முடியாது, வெர்லின்."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். டெல்மர் தன் நிலத்தை விட்டுக்கொடுத்து இரண்டாவது வேலி போடுகிறான் என்றும், அது யாருக்காக என்றும் சொன்னபோதுதான், தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. லவான் கதவருகே நின்றாள். பிறகு ஓசைப்படாமல் வீட்டுக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பின்னால் குழி தோண்டும் துரப்பணத்தை மாட்டியிருந்தான். அவள் பிளாஸ்கில் காபியும், பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனபோது, டெல்மர் ஒரு முனையிலிருந்தும் வெர்லின் மறு முனையிலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் கிட்ட வந்த பிறகுதான் வெர்லின் இன்ஜினை அணைத்தான்.

"சனிக்கிழமை சூடு போடறோம். ஏழு மணிக்கு."

"மணி எனக்குத் தெரியும்."

"கயிறு நீதான்."

"பின்ன? உனக்கு வீசத் தெரியுமா?" என்றான் டெல்மர், ரொட்டிக்குக் கை நீட்டியபடி.

சனிக்கிழமை சூடு போட வந்த அத்தனை பேருக்கும் புட்டியிலே வந்த வைரஸ் கதையை லவானே சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து, கைகால் ஆட்டி நடித்தே காட்டினாள். கொட்டகையில் வாளி மேல் உட்கார்ந்தவனைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.