அக்காவின் மணிக்கட்டும் இருபத்திரண்டு நட்சத்திரங்களும்

அக்கா தையற்கடையில் துணி வெட்டுகிறவள். பதினெட்டு வருடமாக அதே மேசை, அதே கனமான கத்தரி. சாக்பீஸால் கோடு போட்டாள் என்றால் கத்தரி இம்மி விலகாது. யாராவது அவசரப்படுத்தினால், "கத்தரி என் கையில இருக்கு, பாத்துப் பேசுங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான்.

அவளுக்கு வீடியோ கேம் பழக்கிவிட்டது நான். ஞாயிறு மதியம் ஆளுக்கொரு கண்ட்ரோலரோடு உட்கார்ந்துவிடுவோம். இருவர் சேர்ந்து புதிர் அவிழ்க்கும் விளையாட்டு. ஒருவர் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்கினால்தான் மற்றவர் உள்ளே போகலாம். விடை கண்டுபிடிப்பதும் அக்கா, சக்கரம் சுற்றுவதும் அக்கா. வாய்ச்சவடால் மட்டும் என்னுடையது. சக்கரம் சுற்ற ஒரே பட்டனைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

செட்டிங்ஸில் துழாவி அக்காவே ஒரு வசதியைக் கண்டுபிடித்தாள். தட்ட வேண்டாம், பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். "இதை வச்ச மகராசன் நல்லா இருக்கணும்" என்றாள்.

அந்த வசதி இருந்தால், புதிர் முடித்ததற்குப் பரிசாக வரும் தங்க நட்சத்திரம் கிடையாது என்பதை நான் கவனித்தேன். அவள் டீ போடப் போன நேரம் பார்த்து அணைத்துவிட்டேன்.

"என்னடா, மறுபடியும் தட்டச் சொல்லுது?"

"அப்டேட்ல அதை எடுத்துட்டாங்கக்கா."

வாய் கூசவே இல்லை எனக்கு.

ஏழு ஞாயிறு அவள் தட்டினாள். இருபத்திரண்டு நட்சத்திரம் வந்தது. நடுநடுவே கையை உதறிக்கொள்வாள். நான் பார்க்காமல் இல்லை. கடை வேலை அப்படி என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

போன வாரம் கடையில் கத்தரி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு மாதம் கத்தரியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் மேசையில வேற ஆளைப் போட்டுட்டாங்கடா" என்று கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, அந்த வசதியை யாரும் எடுக்கல. நான்தான் அணைச்சேன்."

"தெரியும். அடுத்த வாரமே செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தேன். அங்கயேதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் போடல?"

"முதல் நட்சத்திரம் வந்தப்ப நீ குதிச்சியே, அதான். சின்ன வயசுலேருந்து நீ எதுலயும் ஜெயிச்சு நான் பாத்ததில்ல. போகுதுன்னு தட்டினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிவியைப் போட்டு செட்டிங்ஸைத் திறந்தேன். வசதியைப் போட்டதும், வாங்கிய நட்சத்திரங்கள் எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் கொடுத்தேன். கண்ட்ரோலரை அக்காவின் மடியில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"முதல்ல இந்தக் கைக்குக் கத்தரி பிடிக்க வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.