குளிர்ந்த இடத்தில் வைக்கவும்

என் தங்கை சின்னம்மாள் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மாம்பழக் கூழ் ஆலையில் பெண்கள் உட்கார ஸ்டூல். பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். பறிபோன வேலை திரும்பக் கிடைத்தது. மேனேஜர் ராஜாமணியின் வாயிலிருந்து ஒரு 'வாங்கம்மா'. பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டியிலும் ஒருமுறை ஜெயித்தாள். எதிர் அணியில் எங்கள் அம்மா இருந்ததால் அதை இதில் சேர்க்கவில்லை.

ஆலை பாலக்கோட்டிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் சாலையில் இருந்தது. மாம்பழக் காலத்தில் லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும். டப்பாவுக்கு மூடி அடிக்கும் ஆண்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் உண்டு. பழம் கழுவி, தோல் சீவி, கொட்டை எடுக்கும் பெண்களுக்குக் கிடையாது. காலையில் நின்றால் சாயந்திரம் வரை நிற்க வேண்டும். பழம் வராமல் கை சும்மா இருக்கும் நேரத்திலும் நிற்க வேண்டும்.

சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் சென்னப்பன் ஒருநாள் பஸ்ஸில் அவளிடம், "நின்னு வேலை செய்யறவங்களுக்கு நடுநடுவுல உக்கார வசதி பண்ணித் தரணும்ங்க. தொழிற்சாலைச் சட்டத்துலயே இருக்குது. அதுல ஆம்பளைன்னும் இல்லை, பொம்பளைன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் ஊரில் இறங்கிப் போய்விட்டார். இவள் அதைப் பிடித்துக்கொண்டு மறுநாளே மேனேஜரிடம் கேட்டாள்.

"உக்காந்தா நீங்க பேச ஆரம்பிச்சுருவீங்க" என்றார் ராஜாமணி.

"நின்னுக்கிட்டும் பேசிக்கிட்டுதான் சார் இருக்கறோம்."

"உக்காரணும்னா வூட்டுல போய் உக்காரு."

வீட்டில் உட்கார அவளால் முடியாது. அவள் புருஷன், என் மச்சான் மாதுவின் நிலம் மானாவாரி. மழை பெய்த வருடம்தான் அது சோறு போடும். மற்ற வருடங்களில் இவள் கூலிதான் அடுப்பெரித்தது. அதனால் வாயை மூடிக்கொண்டாள். வாயை மட்டும்தான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பாலக்கோட்டில் கரீம் பாயின் சாமியானா கடையில் வேலை பார்த்தேன். கல்யாண வீடுகளுக்கு நாற்காலி ஏற்றிப் போய் இறக்குவது, எண்ணித் திரும்பக் கொண்டுவருவது, நாற்காலியில் முதுகு சாயும் பக்கத்தில் கடையின் பெயர் எழுதுவது, எல்லாம் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் என் எழுத்து கோடு போட்டதுபோல் நிற்கும். 'கரீம் சாமியானா, பாலக்கோடு' என்று எனாமல் பெயிண்டில் இரண்டு பூச்சு அடித்துவிட்டால், சுரண்டினாலும் போகாது.

ஆலைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் ராஜாமணி எங்கள் கடைக்கு ஆள் அனுப்புவார். காலையில் மடக்கு நாற்காலிகள் போகும், சாயந்திரம் திரும்பி வரும். சின்னம்மாள் ஸ்டூல் கேட்ட பிறகு வந்த முறை, நாற்காலிகளை இறக்கியதும் அவருக்கு ஒரு யோசனை. முதுகில் இருக்கும் கடைப் பெயரை மறைக்க, டப்பாவில் ஒட்டும் லேபிளை எடுத்து மைதாப் பசை தடவி ஒவ்வொரு நாற்காலியிலும் ஒட்டச் சொன்னார். மாம்பழப் படம் போட்ட பளபளப்பான லேபிள். பார்த்தால் ஆலையின் சொந்த நாற்காலி போலவே இருந்தது.

பிறகு பெண்களைக் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்டர் வர்றப்ப எல்லாரும் உக்காந்திருக்கணும். ஆனா சாயக் கூடாது. பசை ஈரமா இருக்குது."

"சாயாம எப்படி சார் உக்கார்றது? முதுகு இல்லாத ஸ்டூலாவா கொண்டாந்திருக்கீங்க?" என்றாள் ராணியம்மாள். அவள் சின்னம்மாளுக்குப் பக்கத்து மேசை.

"நிமிந்து உக்காரு. பொண்ணு பாக்க வந்தப்ப உக்காந்த மாதிரி."

"என்னை யாரும் பொண்ணு பாக்க வரலைங்க சார். மாமன் மவனுக்கே கட்டிக் குடுத்துட்டாங்க."

ஜீப் சத்தம் கேட்டது. ராஜாமணி வாசலுக்கு ஓடினார். சின்னம்மாள் மற்றவர்களைப் பார்த்து, "அடியே, காலம் பூரா நின்னாச்சு. இன்னிக்காச்சும் நல்லா சாஞ்சு உக்காருங்கடி" என்றாள்.

சாய்ந்தார்கள். வேர்வையும் மாம்பழச் சாறும் ஊறிய முதுகுகள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் மரியாதைக்கு எல்லோரும் எழுந்தார்கள். மரியாதை போதாது என்று திரும்பி நின்று மேசையையும் துடைத்தார்கள். ஒவ்வொரு முதுகிலும் ஒரு மாம்பழம்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் தங்கையின் முதுகில் இருந்ததைப் படித்தார். "'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்'." ராஜாமணியிடம் திரும்பினார். "போட்டிருக்கீங்க, சரி. ஃபேன் எங்கே?"

அதற்குள் நாற்காலிகளின் முதுகும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. என் எழுத்து அத்தனை தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். சரக்கு இறக்கும் கதவருகே வண்டியோடு நின்ற என்னைக் கூப்பிட்டு, யாருடைய நாற்காலி என்று கேட்டார்.

"கரீம் பாய் கடையோடதுங்க. சாயந்திரம் திரும்பணும், நாளைக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருக்குதுங்க."

பெண்களுக்கு இருக்கை செய்து தர வேண்டும், கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனார். ஜீப்பின் தூசி அடங்கவில்லை. ராஜாமணி, "சின்னம்மா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

மறுநாள் அவள் போனாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மற்ற பெண்களும் வெளியே வந்து அவளோடு உட்கார்ந்தார்கள். வீட்டிலிருந்து மணை, கவிழ்த்த அண்டா என்று வந்தது. ராணியம்மாள் ஆட்டுக்கல்லையே உருட்டிவரப் பார்த்து, பாதி வழியில் விட்டுவிட்டாள். கரீம் பாய்க்குச் சேதி போனதும், "நம்ம நாற்காலியால போன வேலை. ஒண்ணு கொண்டுபோய்ப் போடு, வாடகை வேண்டாம்" என்றார். நான் அதன் முதுகில் கடைப் பெயருக்குக் கீழே 'சின்னம்மாள்' என்றும் எழுதி எடுத்துப் போனேன்.

"என்னண்ணா இது?"

"உன் பேரு."

"இவ்வளவு நீளமா?"

அவள் அதுவரை கூலிக்குக் கட்டைவிரல்தான் உருட்டினாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதைப் பார்த்துப் பார்த்து மாங்காய்க் காம்பால் மண்ணில் எழுதினாள். காரில் உள்ளே போன ராஜாமணி, "கோலம் போட வேற இடம் இல்லையா?" என்றாராம்.

ஆனி மாத வெயில். லாரிகளில் பழம் கனிந்து, தார்ப்பாய் வழியே சாறு சொட்டியது. பழத்துக்கு மேனேஜரைத் தெரியாது. அது யாருக்காகவும் காத்திருக்காது. ஈ மொய்க்கத் தொடங்கியதும் ராஜாமணியே வாசலுக்கு வந்து, "வாங்கம்மா, பேசிக்கலாம்" என்றார்.

"பேச வரலை சார். உக்காந்தா பேசுவோம்னு நீங்கதானே சொன்னீங்க? உக்காந்துதான் இருக்கறோம், ஒரு வார்த்தை பேசலை. பேசறதை லேபர் ஆபீசர் முன்னாடி பேசுவோம்" என்றாள் சின்னம்மாள்.

தருமபுரியில் தொழிலாளர் அலுவலர் முன்னால் ஒப்பந்தம் எழுதினார்கள். பெண்களுக்கும் ஸ்டூல், கதவுக்குத் தாழ்ப்பாள், உரிமை கேட்டதற்காக யாரையும் நிறுத்தக் கூடாது, சின்னம்மாளுக்கு மறுபடி வேலை. ராஜாமணி கையெழுத்துப் போட்டுவிட்டு, பழக்கத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை அப்படியே அவரிடம் திருப்பித் தள்ளிவிட்டு, அவர் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

எழுத்துக்கு எழுத்து என் எனாமல் எழுத்துதான். துணைக்கால், புள்ளி எதுவும் தப்பவில்லை. காகிதத்தில்தான் இடம் போதவில்லை. கடைசி எழுத்து ராஜாமணியின் கையெழுத்து மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் கீழே அலுவலர் தேதி போட்டார்: 19 ஜூன் 1986, வியாழக்கிழமை.